கணக்கேட்டிலிருந்து எழுந்த கடைத்தெரு: லிஸ்பன் பைஷா, ஒரு நிகழ்வு ஆய்வு

1755 நவம்பர் 1, சனிக்கிழமை. கத்தோலிக்கர்களுக்கு அனைத்துப் புனிதர் திருநாள். காலை 9.40 மணி வாக்கில் போர்த்துகலின் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் குலுங்கியபோது ஊரில் பாதிப் பேர் கோவில்களுக்குள் இருந்தார்கள். வெளியே ஓடியவர்கள் திறந்தவெளி தேடி ஆற்றங்கரைக்குப் போனார்கள். சற்று நேரத்தில் தேஜு ஆற்றின் முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வந்தது. கோவில்களில் எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்திகளும் வீட்டு அடுப்புகளும் சேர்ந்து மூட்டிய தீ ஐந்தாறு நாள் அணையவில்லை. இரண்டு லட்சம் பேர் அளவிலான நகரத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு ஒத்த கணக்கு இன்றுவரை இல்லை. பத்தாயிரம் என்பாரும் உண்டு, அறுபதாயிரம் என்பாரும் உண்டு.

அதிகம் அழிந்தது பைஷா. இரு குன்றுகளுக்கு நடுவே, ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் இருந்த வணிகப் பேட்டை அது. நகரத்தின் பணம் முழுவதும் அங்கேதான் புழங்கியது. இன்று அந்த இடத்துக்குப் போகிறவர்கள் பார்ப்பது கோடு போட்டது போல நேராக ஓடும் தெருக்களையும், ஒரே அச்சில் வார்த்த மாதிரியான முகப்புகளையும்தான். வழிகாட்டிகள் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும்: பொம்பல் என்ற இரும்புக்கை மந்திரி, நகரம் விழுந்த வேகத்திலேயே அதைத் திரும்பக் கட்டிவிட்டார்.

அந்தக் கதை பாதிதான் சரி. திட்டம் வேகமாக வந்தது, கட்டடங்கள் வரவில்லை. ஆற்றங்கரைச் சதுக்கத்தின் நுழைவாயில் வளைவு முடிந்தது 1870-களில், அதாவது சுமார் 120 வருடம் கழித்து. நேர்கோட்டுத் தெரு வரைய நல்ல பொறியாளர் இருந்தால் போதும். அந்தக் கோட்டின் மேல் விழும் நூற்றுக்கணக்கான மனைகள் யாருடையவை, இழப்பை யார் ஈடுகட்டுவது, கட்டுகிற காசு எங்கிருந்து வரும் என்பவை வேறு வகைக் கேள்விகள். பைஷாவை நிற்க வைத்தது அந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த விடைகள்தான் என்பது என் வாசிப்பு. அதனால் இந்த ஆய்வில் கட்டடக் கலையைவிடக் கணக்கு வழக்குக்கு இடம் அதிகம்.

விழுந்தது எது

பைஷா ஒரு காலத்தில் தரையே இல்லை. தேஜுவின் ஒரு கிளை உள்ளே நுழைந்திருந்தது. இரண்டு ஓடைகள் அதில் வந்து விழுந்தன. அது மெல்ல மெல்ல வண்டல் படிந்து தூர்ந்த பிறகுதான் மக்கள் குடியேறினார்கள். ரோமானியர்கள் அதன் கரையில் மீனை உப்பிட்டுப் பதப்படுத்தும் தொட்டிகள் கட்டியிருந்தார்கள். 1990-களில் ஒரு வங்கிக் கட்டடத்தைப் புதுப்பிக்கத் தோண்டியபோது அந்தத் தொட்டிகள் கிடைத்தன. ஆக, இந்தப் பள்ளத்தில் வியாபாரம் ஆரம்பித்தது மீனில்.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தினிஷ் மன்னர் இங்கே ஒரு புதிய தெருவைத் திறந்தார். ஆற்றுப் பக்கத்திலிருந்து வரும் கொள்ளையரைத் தடுக்க ஒரு சுவரும் கட்டினார். அந்தத் தெருதான் பிறகு 'ருவா நோவா தோஸ் மெர்காதோரஸ்', வணிகர்களின் புதுத்தெரு, என்று ஐரோப்பா முழுவதும் பேர் வாங்கியது. வாஸ்கோ ட காமா கோழிக்கோடு போய்த் திரும்பிய பிறகு மனுவேல் மன்னர் குன்றின் மேல் இருந்த கோட்டை அரண்மனையை விட்டு ஆற்றங்கரைக்கே இறங்கி வந்துவிட்டார். புது அரண்மனையோடு சேர்ந்தே இருந்தது 'காசா ட இந்தியா', இந்திய வணிகத்தை முழுக்க நடத்திய அரசு அலுவலகம். மிளகு வந்து இறங்குவதை ராஜா ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். ராஜா என்றாலும் அவரும் அடிப்படையில் ஒரு மிளகு வியாபாரிதான்.

வணிகர் தெருவில் சீனப் பீங்கான், இந்தியத் துணி, கற்கள், முத்து என எல்லாம் விற்றது. சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிகளும் முத்துக்குளித்துறை முத்துகளும் இந்த வழியாகத்தான் ஐரோப்பியச் சந்தைக்குள் நுழைந்தன. 1554-இல் தமிழில் ஒரு கிறிஸ்தவ வினாவிடை நூல் அச்சானது இதே லிஸ்பன் நகரத்தில். தமிழ் எழுத்து வார்க்க ஆளில்லாததால் ரோமன் எழுத்தில் தமிழைப் போட்டு, கூடவே போர்த்துகீசியமும் சேர்த்து அச்சிட்டார்கள். தயாரித்தவர்கள் வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா ட குரூஸ் என்று ஞானஸ்நானப் பெயர் சூடிய மூன்று தமிழர்கள். அந்த மூவரும் இந்தத் தெருவில் நடந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும், ஆதாரம் கேட்காதீர்கள்.

அந்தச் செழிப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. 1551-இல் எடுத்த கணக்கில் நகரத்தின் சுமார் ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் அடிமைகள். வணிகர் தெருவை வரைந்த அக்கால ஓவியம் ஒன்றில் கறுப்பின மக்கள் கூட்டத்தோடு கூட்டமாக இருக்கிறார்கள்: சுமை தூக்குகிறவர்களும் உண்டு, வேறு வேலையில் இருப்பவர்களும் உண்டு. பேட்டையின் வேறொரு பகுதியில் யூதர் குடியிருப்பு இருந்தது. 1497-இல் யூதர்களைக் கட்டாயமாக மதம் மாற்றிய பிறகு அவர்களின் பெரிய தொழுகைக்கூடம் மாதா கோவில் ஆனது. மதம் மாறியவர்களுக்கு 'புதுக் கிறிஸ்தவர்' என்று முத்திரை விழுந்தது. வணிகர்களில் கணிசமானோர் அந்த முத்திரையோடு, மதத் துரோகம் என்று சொல்லித் தண்டிக்கும் திருச்சபை விசாரணை மன்றத்துக்குப் பயந்தே கடை நடத்தினார்கள். அந்த மன்றத்தின் மாளிகையும் பைஷாவின் வடக்கு முனையில் ரோசியு சதுக்கத்தில்தான் இருந்தது.

1755-க்குள் மிளகு பழங்கதையாகி, பிரேசில் தங்கம் வந்திருந்தது. இங்கிலாந்தோடு செய்த 1703 வணிக ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆங்கிலேயக் கம்பளி வெள்ளமாக வந்து இறங்கியது. தங்கம் லண்டனுக்குப் போனது. ஆங்கிலேயர்களும் ஹாம்பர்க் வணிகர்களும் லிஸ்பன் கடைக்காரர்களுக்குச் சரக்கைக் கடனுக்குக் கொடுத்திருந்தார்கள். சுங்கக் கிடங்கு எரிந்தபோது சரக்கோடு அந்தக் கடனும் எரிந்தது. ஹாம்பர்க் கப்பல்களில் மரமும் கட்டுமானப் பொருளும் அனுப்பியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு லட்சம் பவுண்டு மதிப்புக்கு உதவி ஒதுக்கியது. இரக்கம் இருந்திருக்கும், மறுக்கவில்லை. கடன் வாங்கியவன் எழுந்து நின்றால்தானே கடன் திரும்பும் என்ற நினைப்பும் கூடவே இருந்திருக்கும்.

பத்திரக் காப்பாளரே பொறியாளர்

நாட்டின் தலைமைப் பொறியாளர் மனுவேல் ட மயாவுக்கு அப்போது 78 வயது இருக்கும். அவருக்கு இன்னொரு பதவியும் உண்டு: அரசு ஆவணக் காப்பகத்தின் தலைவர். கோட்டைக் குன்றில் காப்பகம் இருந்த கோபுரம் நிலநடுக்கத்தில் சரிந்தது. இடிபாட்டுக்குள்ளிருந்து ஏடுகளை வெளியே எடுத்து, மரக்கொட்டகைக்கு மாற்றிப் பாதுகாக்க ஏற்பாடு செய்தவர் மயாதான். கீழே காசா ட இந்தியாவின் ஆவணங்களும் அரண்மனை நூலகமும் சாம்பலாகிவிட்டன. எந்தக் காகிதம் பிழைத்தது, எது போனது என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. பைஷா விஷயத்தில் அடுத்து நடந்த எல்லாவற்றிலும் இந்த இரட்டைப் பதவியின் சாயல் தெரிகிறது.

நிலநடுக்கம் நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நவம்பர் 29-ஆம் தேதியே ஒரு ஆணை வந்தது: சதுக்கம், தெரு, சந்து, வீடு எல்லாவற்றையும் அளந்து, யாருடையது, எத்தனை அகலம், எத்தனை நீளம் என்று பதிவு செய்ய வேண்டும். இடிபாடு அப்படியே கிடக்கிறது, சுவர் எங்கே முடிந்தது என்பதே மங்கலாக இருக்கிறது. அதற்கு நடுவில் சர்வே. இன்னும் தாமதித்திருந்தால் இடிபாட்டை அள்ளும்போதே எல்லைகளும் போயிருக்கும். கூடவே, அளவு முடியும்வரை யாரும் கட்டக்கூடாது என்ற தடையும் வந்தது. இந்த இரண்டு ஆணைகளும் இல்லாவிட்டால் மீதிக் கதையே இல்லை என்பேன்.

டிசம்பர் 4-ஆம் தேதி மயா தன் அறிக்கையின் முதல் பாகத்தைக் கொடுத்தார். பின்னால் இன்னும் இரண்டு பாகங்கள், 1756 பிப்ரவரியிலும் மார்ச்சிலும். அதில் ஐந்து வழிகள் சொன்னார். பழையபடியே கட்டலாம். பழையபடி கட்டி, தெருவை மட்டும் அகலப்படுத்தலாம். அகலப்படுத்துவதோடு வீடுகளின் உயரத்தை இரண்டு மாடியாகக் குறைக்கலாம். பைஷாவை மொத்தமாகத் தரைமட்டமாக்கிப் புதிதாகத் தெரு போடலாம். அல்லது இந்த இடத்தையே விட்டுவிட்டு மேற்கே பெலேம் பக்கம் புது நகரம் கட்டலாம்.

ஒவ்வொன்றுக்கும் சாதக பாதகம் எழுதினார். தூரின் நகரம் எப்படி விரிந்தது, 1666 தீக்குப் பிறகு லண்டன் என்ன செய்தது என்றெல்லாம் யோசித்திருந்தார். லண்டன் உதாரணம் முக்கியமானது. அங்கே தீயணைந்த சில நாட்களிலேயே அழகான புதுத் திட்டங்கள் மன்னர் கைக்கு வந்தன, கிறிஸ்டோஃபர் ரென் வரைந்தது உட்பட. ஒன்றும் நடக்கவில்லை. மனைக்காரர்கள் தங்கள் பழைய மனையிலேயே கட்டிக்கொண்டார்கள். தெருக்கள் கொஞ்சம் அகலமானதோடு சரி. அந்தத் தோல்விக்குக் காரணம் வரைபடம் அல்ல, நிலவுடைமை. லண்டனில் தூதராக இருந்த பொம்பலுக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது.

லிஸ்பன் நான்காவது வழியைத் தேர்ந்தது. பெலேம் வேண்டாம் என்றதற்குக் காரணம் எளிது: துறைமுகமும் சுங்கமும் வணிகர் பழக்கமும் இங்கே. ராஜா மட்டும் திரும்பவில்லை. நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜோசே மன்னருக்குக் கல் கூரை என்றாலே நடுக்கம். அஜுடா குன்றில் மரத்தால் கட்டிய அரண்மனையிலேயே சாகும்வரை இருந்தார். அரண்மனை இருந்த இடம் வணிகச் சதுக்கம் என்று பெயர் மாறியது. மன்னர் காலி செய்த இடத்தைச் சுங்கமும் வணிக அலுவலகங்களும் நிரப்பின.

மனை யாருக்கு

மயாவின் கீழ் வேலை செய்த பொறியாளர்கள் ஆறு மாதிரித் திட்டங்கள் வரைந்தார்கள். எவுஜேனியு தோஸ் சாந்தோஸ் வரைந்தது தேர்வானது. அவர் 1760-இல் இறந்தபின் ஹங்கேரியில் பிறந்த கார்லோஸ் மார்தெல் பொறுப்பேற்றார். அவரும் மூன்றே வருடத்தில் போய்ச் சேர்ந்தார்.

திட்டத்தைச் சட்டமாக்கியது 1758 மே 12-ஆம் தேதிய அரசாணை. அதன் தர்க்கம் இப்படி: பழைய பேட்டையில் உனக்கு இருந்த நிலத்தின் அளவும் மதிப்பும் பதிவில் இருக்கிறது. அந்த நிலத்தின் மேல் இப்போது தெரு போகலாம், வேறொருவர் வீடு வரலாம். அதற்கு ஈடாகப் புதுக் கட்டங்களில் உனக்கு இடம் கிடைக்கும். நல்ல முகப்புக் கிடைத்து லாபமடைகிறவர் இழப்பவருக்குக் கொடுத்துச் சரிக்கட்ட வேண்டும். கிடைத்த மனையில் ஐந்து வருடத்துக்குள் திட்டப்படி கட்ட வேண்டும். முடியாவிட்டால், விலை கொடுத்துக் கட்டத் தயாராக இருப்பவருக்கு மனை போய்விடும்.

கடைசி வரியைத் திரும்பப் படியுங்கள். பழைய பைஷாவின் ஒரே மனைக்கு மேல் பலருக்கு உரிமை இருந்தது: அடிமனை வாரம் வாங்கும் மடம், நிரந்தரக் குத்தகைக்காரர், அவரிடமிருந்து வாடகைக்கு எடுத்தவர். பிரபுக் குடும்பங்கள், மடங்கள், பக்திச் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் அங்கே நிலம் உண்டு, ரொக்கம் குறைவு. ஐந்து வருடக் கெடுவோ ரொக்கம் வைத்திருப்பவருக்குச் சாதகம். புகையிலைக் குத்தகையிலும் பிரேசில் கம்பெனிகளிலும் பணம் பார்த்திருந்த பெரும் வணிகக் குடும்பங்களுக்குப் புது பைஷாவில் நுழைய வழி திறந்தது அந்த ஒரு ஷரத்தில்தான். பிரபுக்களைத் துரத்த வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை, எழுதத் தேவையும் இல்லை. முகப்பில் குலச்சின்னம் பொறித்த மாளிகைகளுக்குப் புதுத் திட்டத்தில் இடமே இல்லாமல் செய்துவிட்டார்கள். கோவில்கள்கூட வரிசையை விட்டு முன்னால் வர முடியாது. கடைகளோடு கடையாகத் தெருக்கோட்டில் நிற்க வேண்டும்.

கெடு கெடுவாகவே நடந்ததா? இல்லை. பல மனைகள் நீண்ட காலம் வெறும் மேடாகக் கிடந்தன. சொந்த இடத்தில் கட்டக் காசில்லாதவர்கள் ஊரின் ஓரங்களில் மரக்குடிசை போட்டுக்கொண்டு, அங்கேயே தங்கிவிட்டார்கள். திரும்பி வர முடியாதவர்களின் கதையை எந்த வரைபடமும் சொல்வதில்லை.

நாலு சதவீதம்

பொதுக் கட்டடங்களுக்கான பணம் எங்கிருந்து வந்தது என்பது இந்த நிகழ்வின் சுவையான பகுதி. 1756-இல் லிஸ்பன் வணிகர்கள் அரசுக்கு ஒரு 'நன்கொடை' அளிக்க முன்வந்தார்கள்: சுங்கத்துக்கு வரும் இறக்குமதிச் சரக்கின் மதிப்பில் 4 சதவீதம். சுங்க மாளிகையும் வணிகர் கூடமும் ஆற்றங்கரைச் சதுக்கமும் எழ அந்தப் பணமே ஆதாரம்.

யார் அந்த வணிகர்கள் என்று கேட்டால் கதை கொஞ்சம் மாறுகிறது. அதுவரை வணிகர்களுக்கு ஒரு பழைய சங்கம் இருந்தது. 1755 ஜூனில் வட பிரேசில் வியாபாரத்தை ஒரு தனியுரிமைக் கம்பெனிக்கு பொம்பல் தூக்கிக் கொடுத்தபோது அந்தச் சங்கம் எதிர்த்து மனு போட்டது. பலன்: செப்டம்பர் 30-ஆம் தேதி சங்கம் கலைக்கப்பட்டது, முன்னின்றவர்களுக்குத் தண்டனை, அதன் இடத்தில் அரசு நியமித்த வணிக வாரியம். நிலநடுக்கத்துக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு. 4 சதவீதத்தை 'மனமுவந்து' அளித்த அமைப்பு இந்தப் புது வாரியம்தான். எதிர்த்துப் பேசக்கூடியவர்கள் ஏற்கெனவே வெளியே அனுப்பப்பட்டிருந்தார்கள். அதோடு, சுங்கத்தில் கட்டும் வரி கடைசியில் துணி வாங்குகிறவர் தலையில்தான் விழும். அதனால் இதை வணிகர்களின் கொடை என்று கல்வெட்டில் எழுதலாம், கணக்கில் எழுத முடியாது.

இருந்தாலும் ஒரு வசதி இருந்தது. கப்பல் வரும்வரை பணமும் வரும். கஜானாவை நம்பி இருந்தால் கதை எப்போதோ நின்றிருக்கும்.

இதே வருடங்களில் நடந்த இன்னும் இரண்டு விஷயங்களைக் கட்டடக்கலைப் புத்தகங்கள் போகிற போக்கில் தாண்டிவிடும். 1759-இல் வணிக வாரியத்தின் பொறுப்பில் ஒரு வணிகப் பள்ளி திறந்தது. அரசு நடத்திய வணிகப் பள்ளிகளில் உலகிலேயே முதன்மையானவற்றுள் ஒன்று அது. கணிதம், அளவைகள், நாணய மாற்று, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று, வரவு என இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவுக் கணக்கு எல்லாம் கற்பித்தார்கள். 1761 டிசம்பரில் அரசின் எல்லா வரவு செலவையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் அரச கஜானா அமைந்தது. அதற்கும் இரட்டைப் பதிவு முறையே விதி. பள்ளியில் படித்த பையன்கள் கஜானாவில் வேலைக்குப் போனார்கள். நகரத்தைக் கட்டியவர்களின் பட்டியலில் இந்தக் கணக்குப்பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும்.

சுவருக்குள் ஒரு கூண்டு

கட்டுமான முறையைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள், பேசத் தகுந்ததும்கூட. இடிபாட்டை அள்ளி வெளியே கொட்டாமல் அதையே நிரவித் தரைமட்டத்தை உயர்த்தினார்கள். ஈர வண்டலில் பைன் மரக் கட்டைகளை வரிசையாக அடித்து இறக்கி அதன்மேல் அடித்தளம். தரைத்தளம் கல் வளைவுகள்; தீ மேலே ஏறாமல் இருக்கவும் கடைக்கு அகலம் கிடைக்கவும் அது வசதி. முதல் மாடியிலிருந்து ஆரம்பிப்பதுதான் 'காயோலா', கூண்டு. குத்துக்கட்டை, குறுக்குக்கட்டை, நடுவே பெருக்கல் குறி போல இரண்டு சாய்வுக்கட்டை என மரச்சட்டம் பின்னி, இடைவெளியைச் செங்கல்லும் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அடைப்பார்கள். பின்னிய கூடையை அழுத்தினால் நெளிந்து திரும்புமே, அந்தக் குணம். வெளிச்சுவர் பெயர்ந்து விழுந்தாலும் தளங்களைக் கூண்டு தாங்கி நிற்கும் என்பது எண்ணம். மாதிரி ஒன்றைச் செய்து, சுற்றிலும் படைவீரர்களை நடக்கவிட்டு அதிர்வைச் சோதித்தார்கள் என்றொரு கதை வழக்கில் இருக்கிறது.

வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே கூரைக்கு மேலே எழும் தீத்தடுப்புச் சுவர். முக்கியத் தெருக்கள் 60 சாண், சுமார் 13 மீட்டர் அகலம். நடுவே கீழே கழிவுநீர்க் கால்வாய். மயா விரும்பியது இரண்டு மாடிதான். மனைக்காரர்களுக்கு வாடகை வேண்டுமே, அதனால் முடிவில் உயரம் கூடிவிட்டது.

கதவு, ஜன்னல், கம்பி, கல் நிலை, ஓடு எல்லாம் ஒரே அளவில் பட்டறைகளில் மொத்தமாகத் தயாரானது. முகப்புகளின் ஒற்றுமையைப் பார்த்துச் சிலர் ராணுவ முகாம் மாதிரி இருக்கிறது என்று குறை சொல்வார்கள். ஒழுங்கின் மேல் பொம்பலுக்கு இருந்த மோகம் உண்மைதான். ஆனால் அதற்கு விலைப் பட்டியலும் ஒரு காரணம். ஒரே அளவு ஜன்னல் ஆயிரம் செய்தால் விலை குறையும், எந்த மனைக்காரர் எப்போது பணம் புரட்டி வந்தாலும் பட்டறையிலிருந்து எடுத்துப் பொருத்தலாம். நூறு வருடம் விட்டுவிட்டுக் கட்டியும் தெரு ஒன்றுபோல இருப்பதன் ரகசியம் இதுதான்.

தெருவுக்கு ஒரு தொழில்

1760 நவம்பர் 5-ஆம் தேதி ஆணை புதுத் தெருக்களுக்குப் பெயர் வைத்தது. எந்தத் தெருவில் எந்தத் தொழில் என்றும் பிரித்துக் கொடுத்தது. பொற்கொல்லரும் கடிகாரக்காரரும் தங்கத் தெருவுக்கு. பட்டு, கம்பளி ஜவுளி அகலமான அகுஸ்தா தெருவுக்கு. வெள்ளி வேலைக்காரர்கள் ராணி பெயரிலான தெருவுக்கு; பருத்தி, லினன் துணிக்காரர்கள் இளவரசி பெயரிலான தெருவுக்கு. இடையில் ஓடும் குறுகலான தெருக்கள் செருப்புத் தைப்பவர், சேணம் தைப்பவர், முலாம் பூசுபவர் ஆகியோருக்கு. நூல், நாடா, பட்டன் விற்கிறவர்கள் குறுக்கே ஓடும் கொன்செய்சாவ் தெருவுக்கு.

தொழிலுக்கொரு தெரு என்பது லிஸ்பனுக்குப் புதிதில்லை. மத்தியக் கால நகரத்தில் தானாக வளர்ந்த வழக்கம். இங்கே அதை மேலிருந்து, அந்தஸ்து வரிசைப்படி அடுக்கினார்கள். தங்கம் அகலத் தெருவில், தோல் குறுகல் தெருவில். முகப்பின் அலங்காரமும் அதே வரிசைப்படிக் குறைந்துகொண்டே போகும். பொம்பலின் 'சமத்துவ நகரம்' என்று எழுதுகிறவர்கள் இந்தக் குறுகல் தெருக்களில் ஒரு நடை நடந்துவிட்டு எழுதலாம்.

சட்டம் சொன்னபடி கடைகள் வெகுகாலம் நிற்கவில்லை. வியாபாரி லாபம் இருக்கும் பக்கம் போவான். ஆனால் பெயர்கள் ஒட்டிக்கொண்டன. ராணி தெரு வெள்ளித் தெரு என்றும், இளவரசி தெரு துணிக்காரர் தெரு என்றும் வழங்கின. 1910-இல் முடியாட்சி போன பிறகு குடியரசு அரச பெயர்களை நீக்கியபோது இந்தப் பெயர்களே அதிகாரபூர்வம் ஆகின.

வணிகர்களின் அந்தஸ்தும் சட்டத்தில் ஏறியது. 1773-இல் பழைய கிறிஸ்தவர், புதுக் கிறிஸ்தவர் என்ற வேறுபாட்டையே ரத்து செய்தார்கள். முந்நூறு வருடம் நெருங்கும் பயம் ஒரு சட்டத்தில் போய்விடாது. ஆனாலும் புதுத் தெருவில் கடை வைத்தவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. கூடவே மறக்கக்கூடாதது: இதே வணிகர்களின் பிரேசில் கம்பெனிகள் ஆப்பிரிக்கர்களைக் கப்பலில் ஏற்றி அங்கே விற்றுக்கொண்டிருந்தன. 1761 சட்டம் புதிதாக அடிமைகளைப் போர்த்துகலுக்குள் கொண்டுவரத் தடை போட்டது. பிரேசிலுக்கு அது பொருந்தாது.

திறப்பு விழாவும் பாதிச் சதுக்கமும்

1775 ஜூனில் வணிகச் சதுக்கத்தின் நடுவே ஜோசே மன்னரின் குதிரைச் சிலையைத் திறந்தார்கள். மஷாது த காஸ்த்ரு வடித்தது, ஒரே வார்ப்பில் வெண்கலம். ஊரே கொண்டாடியது. சதுக்கத்தைச் சுற்றிப் பாதிக் கட்டடம் இன்னும் எழும்பவில்லை. அந்த இடைவெளிகளை மரச்சட்டமும் துணியும் கட்டி மறைத்தார்கள். இருபது வருட முயற்சியின் உண்மை நிலவரம் அந்தத் துணிக்குப் பின்னால் இருந்தது.

இரண்டே வருடத்தில் மன்னர் இறந்தார், பொம்பல் பதவி இழந்தார். சிலையின் பீடத்தில் இருந்த அவர் முகப் பதக்கத்தைப் பெயர்த்து எடுத்தார்கள்; 1833-இல்தான் திரும்ப வைத்தார்கள். ஆள் போனாலும் திட்டம் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பொம்பலை வெறுத்தவர்களும் அவர் போட்ட கோட்டிலேயே கட்டினார்கள். ஏன்? மனைகள் கைமாறிப் பதிவாகிவிட்டன. கோட்டை மாற்றினால் புது உரிமையாளர்கள் எல்லோரும் வழக்குக்கு வருவார்கள். லண்டனில் புதுத் திட்டத்தைத் தடுத்த அதே நிலவுடைமை இங்கே புதுத் திட்டத்துக்குக் காவலாக மாறியிருந்தது.

19-ஆம் நூற்றாண்டைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். பிரேசில் கைவிட்டுப் போனது, கட்டுமானம் நொண்டியபடியே நடந்தது, சதுக்கத்தின் வளைவு முடிந்தது, 1902-இல் சாந்தா ஜுஸ்தா லிஃப்ட் வந்தது.

கடையிலிருந்து வங்கிக்கு

20-ஆம் நூற்றாண்டில் தங்கத் தெருவைப் பொற்கொல்லர்களிடமிருந்து வங்கிகள் எடுத்துக்கொண்டன. போர்த்துகல் மத்திய வங்கி ஒரு முழுக் கட்டத்தையும் வளைத்துப் போட்டது; அந்தக் கட்டத்தில் இருந்த சாவ் ஜூலியாவ் கோவிலை 1930-களில் விலைக்கு வாங்கி, அதைப் பெட்டகத்துக்கும் வண்டி நிறுத்தவும் பயன்படுத்தியது. இப்போது அங்கே பணத்தைப் பற்றிய அருங்காட்சியகம். புதுப்பிக்கத் தோண்டியபோது தினிஷ் மன்னர் கட்டிய சுவரின் ஒரு துண்டு கீழே கிடைத்தது. அதையும் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். மாடிகளில் ஏற்றுமதி அலுவலகங்கள், கப்பல் ஏஜெண்டுகள், வக்கீல்கள். கவிஞர் பெசோவா வயிற்றுப் பிழைப்புக்கு ஆங்கில, பிரெஞ்சு வணிகக் கடிதங்கள் எழுதிக் கொடுத்தது இந்த மாடிகளில்தான்.

வங்கிகளுக்கும் பெரிய கடைகளுக்கும் அகலமான கூடம் வேண்டும். கூண்டுச் சுவர்கள் குறுக்கே நின்றன. அறுத்து எடுத்தார்கள். மேலே மாடி கூட்டினார்கள். அறுத்தது யாருக்கும் வெளியே தெரியாது, முகப்பு அப்படியே இருக்குமே. பக்கத்து ஷியாடுவில் 1988 ஆகஸ்ட் 25-ஆம் தேதி ஒரு பெரிய அங்காடியில் பற்றிய தீ 18 கட்டடங்களைப் பாழாக்கியது. அதன் பிறகுதான் பழைய வணிகக் கட்டடங்களுக்குள் என்ன மிச்சம் இருக்கிறது என்ற கேள்வியே பொதுப்பேச்சுக்கு வந்தது. அடித்தளமும் கவலைதான். பைன் கட்டைகள் ஈரத்தில் மூழ்கியிருக்கும்வரை கல் மாதிரி. நிலத்தடி நீர் இறங்கிக் காற்றுப் பட்டால் உளுத்துப்போகும். நிலத்தடியில் தோண்டுகிற எந்த வேலையும் இங்கே யோசித்துச் செய்ய வேண்டியது.

வாடகைச் சட்டமும் தன் பங்கைச் செய்தது. லிஸ்பனில் பல பத்தாண்டுகள் வாடகை உறைந்து கிடந்தது. அதனால் சின்னக் கடைகள் பிழைத்தன. அதனாலேயே வீட்டுக்காரர்கள் பழுது பார்க்காமல் விட்டார்கள், மேல்மாடிகள் காலியாகின. 2012-இல் சட்டம் தளர்ந்ததும் வாடகை ஒரேயடியாக ஏறியது. தலைமுறை தலைமுறையாக நடந்த கடைகள் மூடின, ஓட்டல்கள் வந்தன. 2015-இல் நகராட்சி 'வரலாறு கொண்ட கடைகள்' என்ற திட்டத்தைத் தொடங்கி, பழைய கடைகளைப் பட்டியலிட்டு ஆதரிக்க ஆரம்பித்தது. 1829-இல் தொடங்கிய மிட்டாய்க் கடை, 1930-இல் தொடங்கிய டப்பா மீன் கடை எல்லாம் இன்னும் நடக்கின்றன. கொன்செய்சாவ் தெருவில் நூலும் பட்டனும் விற்கும் கடைகள் சில மீந்திருக்கின்றன. 1760 ஆணைப்படி நடக்கும் கடைசிக் குடிமக்கள் அவர்கள்தான்.

ஓட்டலாக மாற்றும்போது முகப்பை மட்டும் விட்டுவிட்டு உள்ளே இருக்கும் கூண்டை மொத்தமாக உருவிவிட்டுக் கான்கிரீட் போடும் பழக்கத்தைப் பொறியாளர்கள் கண்டித்துவருகிறார்கள். ஒரு கட்டத்தில் உள்ள வீடுகள் ஒன்றையொன்று தாங்கும்படி வடிவமைத்தவை. ஒன்றைக் கடினமாக்கினால் அடுத்தது பாதிக்கும். மீந்திருக்கும் கூண்டுகளை அளந்து பதிவு செய்து, அறுத்த இடங்களில் திரும்ப வலுவூட்டலாம், அதற்குத் தொழில்நுட்பம் இருக்கிறது. செலவு யாருடையது என்பதுதான் இழுபறி. லிஸ்பன் 2016 முதல் சுற்றுலாப் பயணிகளிடம் இரவுக்கு ஒரு யூரோ வசூலிக்கிறது; 2019-இல் அது இரண்டு யூரோ ஆனது, 2024 செப்டம்பரில் நான்கு. பைஷா ஓட்டல்களில் வசூலாகும் அந்தப் பணத்தில் ஒரு பங்கைக் கூண்டுகளுக்கென்று எழுதி வைப்பது, 1756-இல் கப்பல் சரக்கின் மேல் 4 சதவீதம் போட்டதைவிடக் கடினமான காரியமாக எனக்குத் தோன்றவில்லை.